காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய டீசல் கார்: பம்பைக் கழற்றும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

1998 டிசம்பரில் அறிமுகமான டாடா இண்டிகாவின் 1405 சிசி டீசல் எஞ்சின் இன்றும் நம் ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினியின் துணையின்றி, இயந்திரப் பம்பு ஒன்றே டீசலை அளந்து அனுப்பும் இவ்வகை எஞ்சின்களில் ஏற்படும் பழுதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் தேவையில்லை. ஒழுங்கான வரிசையில் சோதிக்கும் பொறுமை இருந்தால், கார் வேலையில் முன் அனுபவம் இல்லாதவரும் பழுது எந்தப் பகுதியில் உள்ளது என்பதை அறிந்துகொள்ளலாம்.

இந்த வண்டிகளில் அதிகம் கேட்கப்படும் குறை, காலையில் செல்ஃபை நீண்ட நேரம் அடித்தால்தான் எஞ்சின் உயிர் பெறுகிறது என்பதும், ஒருமுறை ஓடிவிட்டால் அன்று முழுவதும் தொல்லை தருவதில்லை என்பதும்தான். இந்தக் குறையைச் சொல்லிப் பட்டறைக்குப் போனால், "பம்ப் வேலை பார்க்கணும்" என்ற பதில் வருவது வழக்கம். பம்ப் வேலை செலவு மிகுந்தது. அதற்குச் சம்மதிக்கும் முன், பம்புக்கு டீசல் காற்றில்லாமல் வந்து சேருகிறதா, குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக்குகள் சூடேறுகின்றனவா என்ற இரண்டையும் நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டுக்கும் ஒரு விடுமுறை நாள் போதும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இங்கே விளக்கப்படுவது பழைய இயந்திரப் பம்பு எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும். இண்டிகாவிலேயே பின்னாளில் வந்த டைகோர், சிஆர்4 வகைகளும், விஸ்டாவின் குவாட்ராஜெட்டும் காமன் ரெயில் எஞ்சின்கள், அதாவது டீசலை ஒரு பொதுக் குழாயில் அழுத்தித் தேக்கிவைத்து, கணினியின் துணையோடு அனுப்பும் வகை. அவற்றில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்பதால், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களுக்குச் செல்லும் குழாய்களை வீட்டில் தளர்த்தவே கூடாது. பழைய எஞ்சின்களிலும் நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் வலிமை கொண்டது. பீறிடும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். அப்படி உள்ளே போய்விட்டால், காயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேவையான பொருட்கள் குறைவுதான். ஒரு மல்டிமீட்டர், 8 முதல் 19 வரையிலான ஸ்பானர்கள், வண்டியின் டீசல் ஹோஸ் அளவுக்குப் பொருந்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் இரண்டு துண்டுகள், கிளிப்புகள், சுத்தமான பாட்டில், வேஸ்ட் துணி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிடுங்கள்.

படி 1: செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள்

இரவு முழுவதும் நின்ற வண்டியில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் சைலன்சர் முனையைக் கவனிக்க வேண்டும். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து விநாடிகளுக்கு மேல் அடிக்காமல், அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். இல்லையேல் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.

எஞ்சின் சுழன்றும் புகையே வரவில்லை என்றால், சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. அப்போது 4-ஆம் படிக்குப் போகலாம். பச்சை டீசல் வாடையுடன் வெண்புகை வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் அழுத்தம்) குறைந்திருக்கிறது. அதற்கு 2, 3-ஆம் படிகள். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடும் என்பதால், இதைச் செய்யாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

படி 2: பேட்டரியும் எர்த்தும்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் உள்ள காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அந்தச் சூடு சிலிண்டர் சுவர்கள் வழியே வெளியேறிவிடும்.

வண்டி ஓடாமல் நின்ற நிலையில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாக உள்ளது எனக் கொள்ளலாம். பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் மந்தமாகச் சுழன்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் இணைப்பில் துருவோ தளர்வோ இருக்கிறது. அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

படி 3: ஹீட்டர் பிளக்குகள்

நான்கு ஹீட்டர் பிளக்குகளும் ஒரே உலோகப் பட்டையால் இணைக்கப்பட்டிருக்கும். சாவியை ஆன் செய்தவுடன், எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில், அந்தப் பட்டைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே மீட்டரை வைத்தால் 11 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் ரிலே அல்லது அதன் பெரிய ஃபியூஸ்தான் பழுது. பிளக்குகளைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரம் வந்தால், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, பட்டையையும் அகற்றி, பிளக்குகளைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பட்டை இருக்கும்போது சோதித்தால், நான்கில் ஒன்று மட்டும் நல்லதாக இருந்தாலும் எல்லாம் நல்லவை போலத் தெரியும். மீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் அப்போதே 0.3 அல்லது 0.4 ஓம் காட்டும். அதைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும். பிளக்கின் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே ஏறத்தாழ ஓர் ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டுவது நல்ல பிளக். இணைப்பே இல்லை எனக் காட்டுவது எரிந்துபோன பிளக்.

கெட்ட பிளக்கைக் கழற்றுவதாக இருந்தால் எஞ்சினைச் சற்றே சூடேற்றிய பிறகு, திருகில் எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருப்புங்கள். குளிர்ந்த நிலையில் வலுவாகத் திருப்பினால் பிளக் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்துவிடும் ஆபத்து உண்டு. கழற்றிய பிளக்கின் நுனி உருகியோ வீங்கியோ இருந்தால், அந்தச் சிலிண்டரின் நாசில் சீராகத் தூவாமல் டீசலைக் கொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில், ஸ்டார்ட் செய்வதற்கான ஈதர் ஸ்ப்ரேயைக் காற்றுக் குழாயில் அடிக்காதீர்கள். சிவக்கக் காய்ந்த பிளக்கில் அது முன்கூட்டியே வெடித்து, பிஸ்டனையே உடைக்கக்கூடும்.

படி 4: டீசல் கட்-ஆஃப் சொலினாய்டு

பம்பின் மேல் ஒற்றை வயருடன் ஒரு சொலினாய்டு இருக்கும். மின்சாரம் வந்தால் டீசலுக்கு வழி திறந்து, நின்றால் அடைக்கும் மின் வால்வு அது. சாவியை ஆன் செய்யும்போது அதிலிருந்து "டிக்" என்ற ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். ஒலி இல்லை, வயரில் 12 வோல்ட் வருகிறது என்றால் சொலினாய்டு கெட்டுவிட்டது. வயரிலும் மின்சாரம் இல்லை என்றால் ஃபியூஸையும் இக்னிஷன் சுவிட்சையும் பாருங்கள். புகையே வராத வண்டிகளில் இந்தச் சிறு பொருளைச் சோதிக்காமல் பம்பை இறக்கிவிடுவது பெரும் விரயம்.

படி 5: ஃபில்டரும் தண்ணீரும்

ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கியிருப்பதைப் பாட்டிலில் பிடித்துச் சில நிமிடங்கள் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படலமாகப் பிரிந்து நிற்கும். மழைக்காலத்தில் இதை மாதம் ஒருமுறை செய்வது நல்லது. பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே எண்ணெய்ப் பசையாகவும் இருப்பதால், தண்ணீர் உள்ளே போனால் அவை தேய்ந்துவிடும். ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாளானது என்று நினைவில்லை என்றால், புதியதை மாற்றிவிடுங்கள்.

படி 6: காற்று எங்கே நுழைகிறது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். டேங்கிலிருந்து பம்பு வரையிலான குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பாதையில் ஒரு சிறு விரிசல் இருந்தால், பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது. எஞ்சின் ஓடும்போது வெளிக்காற்றுதான் உள்ளே போகும். வண்டி நிற்கும் இரவில் அந்த வழியே காற்று புகுந்து, குழாயில் உள்ள டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் வெறும் குழாயை நிரப்பவே செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கிறோம். தரையில் ஒரு சொட்டும் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கும் நாட்களில் குறை அதிகமானால் காற்றின் மீது சந்தேகம் வலுக்கிறது.

ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் கண்ணாடிக் குழாயை மாட்டி, கிளிப்பை இறுக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கவனித்தால், முதல் ஓரிரு நிமிடங்களில் குழாய் மாட்டியபோது புகுந்த காற்று வெளியேறிவிடும். அதற்குப் பிறகும் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தால், அல்லது மறுநாள் காலையில் குழாயின் மேற்பகுதி வெறுமையாக இருந்தால், காற்று நுழைவது உறுதியாகிவிடும்.

அடுத்து, இரண்டாவது கண்ணாடிக் குழாயை ஃபில்டருக்கு முன்பாக மாட்டுங்கள். அங்கேயும் குமிழிகள் தெரிந்தால், குற்றவாளி டேங்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்டியின் அடியில் உலோகக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடங்களை முதலில் பாருங்கள். ஃபில்டருக்கு முன் சுத்தமாக வந்து, பின் குமிழியுடன் வெளியேறினால், ஃபில்டரின் ரப்பர் வளையம், காற்றை வெளியேற்றுவதற்கான ஏர் ஸ்க்ரூவின் வாஷர், டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் கைப் பம்பு ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். பழைய கைப் பம்பின் உள்ளே இருக்கும் சவ்வு வெடித்துக் காற்றை இழுப்பது மிகச் சாதாரணம்.

ஃபில்டரின் இரு பக்கமும் குமிழி இல்லாமல், காலைத் தொல்லை மட்டும் தொடர்ந்தால், நாசில்களின் தலையை ஒன்றோடொன்று இணைத்து, மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்களைப் பாருங்கள். நூல் பின்னிய அந்தச் சிறு துண்டுகள் எஞ்சின் சூட்டில் காய்ந்து, விரலால் வளைத்தாலே வெடிப்பு தெரியும். கடைசி நாசிலில் உள்ள ரப்பர் மூடியையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். பம்பின் ஆக்ஸிலேட்டர் லீவர் தண்டைச் சுற்றி ஈரம் தெரிந்தால் மட்டுமே சீல் வேலைக்குப் பம்பு கடையை நாட வேண்டும்.

படி 7: ஏர் எடுத்தல்

ஃபில்டரைக் கழற்றினாலும் ஹோஸை மாற்றினாலும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அடியில் துணி வைத்து, கைப் பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும். பிறகு குமிழியற்ற டீசல் வரும். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கைப் பம்பு கல்லாக இறுகும் வரை இன்னும் சில முறை அழுத்தி, செல்ஃப் அடியுங்கள்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால், இரண்டு நாசில்களின் குழாய் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, மேலே துணியைப் போட்டு, விலகி நின்றுகொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நட்டைச் சுற்றி டீசல் துள்ளி வரத் தொடங்கியதும் இறுக்கிவிட்டால், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் மீதும் பெல்ட்டுகள் மீதும் டீசல் விழாமல் மூடிவையுங்கள். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டில் டீசல் பட்டால் அதன் ரப்பர் ஊறிக் கெட்டு, ஓடும்போது அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் மோதும் நிலை வரலாம்.

படி 8: மிஸ்ஸிங் இருந்தால்

மிஸ்ஸிங் என்பது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போவது. எஞ்சின் ஓடினாலும் ஐட்லிங்கில் தடதடவென அதிர்ந்தால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிதளவு தளர்த்தி, மீண்டும் இறுக்குங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியதும் எஞ்சின் தொய்ந்து ஒலி மாறும். எதைத் தளர்த்தினால் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதன் நாசிலைக் கழற்றி, பம்பு கடையின் சோதனைக் கருவியில் அழுத்தமும் தூவலும் பார்க்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது புதிய காப்பர் வாஷர் போடுவது கட்டாயம்.

நாசிலும் நன்றாக இருந்தால் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கான கேஜ் இதற்கு ஆகாது, டீசலின் அழுத்தம் 25 பாரையும் தாண்டும். இந்த வேலையைப் பட்டறையிடம் விடுவதே நல்லது. சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதென்று சந்தேகித்து வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். கரும்புகைக்கு முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பிஎஸ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தைய டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையில் 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) வரையே அனுமதி.

செய்த வேலை பலித்ததா என்பதை அன்று மாலையே முடிவுசெய்ய முடியாது. கண்ணாடிக் குழாயை அப்படியே விட்டுவைத்து, வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி, மறுநாள் காலையில் சாவியைத் திருப்பும் முன் குழாயைப் பாருங்கள். அது முழுக்க நிறைந்திருந்து, எஞ்சினும் உடனே பிடித்துக்கொண்டால், கண்ணாடிக் குழாயைக் கழற்றிவிட்டு டீசலுக்கென விற்கும் தடித்த ரப்பர் ஹோஸை மாட்டி, கிளிப்புகளை இறுக்கி, மீண்டும் ஒருமுறை ஏர் எடுத்துவிடுங்கள். அந்த மெல்லிய பிளாஸ்டிக், எஞ்சின் சூட்டில் சில வாரங்களுக்கு மேல் தாங்காது.