பிரியென்ஸ் ஏரிக்கரையில் வாடகை வீடு எடுத்தால்

சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் பக்கம், பிரியென்ஸ் ஏரியைப் பார்த்த மாதிரி வீடு எடுத்திருக்கிறீர்களா? அரிசி, பால், காய்கறியெல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தங்குவதற்கான சுற்றுலா வரி கட்டியதும் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள், அதைக் காட்டினால் உள்ளூர்ப் பேருந்துகளில் டிக்கெட் எடுக்க வேண்டாம். குப்பையைக் கண்ட பையில் போடாதீர்கள், கட்டணம் சேர்த்து விற்கும் பை தனியாக உண்டு. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது.

அப்புறம் ஏரி! பனிப்பாறைகள் அரைத்த பாறைப்பொடி உருகிய நீரோடு வந்து கலப்பதால்தான் அந்தப் பால் கலந்த பச்சைநீலம். ஆகஸ்டிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், சட்டென்று குதிக்காமல் கணுக்கால், முழங்கால் என்று நனைத்துப் பழகி மெதுவாக இறங்குங்கள்.