பழைய மாருதி ஆம்னி வேனின் ஒழுகும் கியர் பாக்ஸை வீட்டிலேயே இறக்குவது

தரையில் எண்ணெய்க் கறையைப் பார்த்தவுடன் ஸ்பேனரைத் தூக்காதீர்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் உண்டு, ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) நுழையும் பின்முனையில் சொட்டினால் கியர் பாக்ஸை இறக்கவே வேண்டாம், ஷாஃப்டை உருவிவிட்டு அங்கே இருக்கும் ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்தை மட்டும் மாற்றலாம். இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தொலைத்தேன். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் கியர் ஆயில் சொட்டினால்தான் இறக்கும் வேலை.

சமதளத்தில் நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி அடியில் படுக்கக் கூடாது, இதில் பேச்சே இல்லை.

அடுத்து ஆயில். ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள், கழன்றால் மட்டும் கீழ்ப் பிளக்கைத் திறந்து வடியுங்கள். ஊற்றும் பிளக் துருப்பிடித்து இறுகியிருந்து, நீங்கள் ஆயிலை வடித்துவிட்டால், மறுபடி ஊற்ற வழியில்லாமல் வண்டி அப்படியே நிற்கும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்னால் டிஃபரன்ஷியலோடு (பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) சேரும் ஃப்ளாஞ்சில், அதாவது போல்ட் போட்ட இணைப்புத் தட்டில், பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு நாலு போல்ட்டையும் கழற்றி ஷாஃப்டை உருவுங்கள். அப்புறம் கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் மாற்றும் இணைப்புகள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள்.

இனிதான் கவனம் வேண்டும். கியர் பாக்ஸை எடுத்தால் இன்ஜினின் பின்பக்கம் தொங்கிவிடும் என்பதால் ஆயில் சம்புக்கு (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கியால் தாங்குங்கள், கியர் பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கி. கியர் பாக்ஸை வண்டியோடு பிடித்திருக்கும் மவுன்டிங்கையும், இன்ஜினோடு சேர்க்கும் ஹவுசிங் (வெளிக்கூடு) போல்ட்டுகளையும் கழற்றி, ஒரு ஆள் துணையோடு நேராகப் பின்னால் இழுங்கள். கியர் பாக்ஸின் முன்னால் கிளட்சுக்குள் நுழைந்திருக்கும் ஷாஃப்ட் முழுதாக வெளியே வரும்வரை பாரத்தை கிளட்சில் தொங்கவிடாதீர்கள், தட்டு வளைந்துவிடும்.

இறக்கியாகிவிட்டதா? கியர் பாக்ஸ் முன்சீலோடு இன்ஜினின் பின்சீலையும் ரிலீஸ் பேரிங்கையும் (கிளட்சை மிதித்தால் அதை அழுத்தும் பேரிங்) சேர்த்தே மாற்றிவிடுங்கள், அதற்காக மறுபடி யார் இறக்குவது! ஏற்றும்போது கியர் பாக்ஸ் ஒட்டி உட்காராவிட்டால் போல்ட்டை முறுக்கி இழுக்காமல், கிளட்ச் தட்டு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஹவுசிங்கின் காது (போல்ட் நுழையும் விளிம்பு) உடையும். கடைசியாக, வண்டி சமமாக நிற்கும்போது ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும்வரை கியர் ஆயிலை ஊற்றிப் பிளக்கை இறுக்குங்கள்.