ஓவர் ஸ்பீடு சலான் வந்தால்: கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

சலான் என்று எஸ்எம்எஸ் வந்தால், அது நிஜமா என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வரும் 'ஆர்டிஓ சலான்' பேங்க் கணக்கைத் துடைக்க வந்தது. வந்த லிங்க்கைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து, வண்டி நம்பரோடு சேசிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கொடுத்துத் தேடுங்கள்.

சலான் நிஜமென்றால் அடுத்து பிரிவைப் படியுங்கள். வேக வரம்பை மீறியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 183. கார், பைக் போன்ற இலகுரக வண்டிக்கு ரூ. 1,000 முதல் 2,000 வரை. நடுத்தர, கனரக வண்டிக்கு ரூ. 2,000 முதல் 4,000 வரை. 184 என்று இருந்தால் கதையே வேறு. அது ஆபத்தாக ஓட்டிய குற்றம், சிறைத்தண்டனைக்கும் இடமுள்ளது. அதை வக்கீலிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் 183க்கு மட்டும்.

இப்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடிவில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். நம்பர் பிளேட்டில் 8ஐ B என்று கேமரா வாசித்திருக்கலாம். நம்பர் சரியாக இருந்து, வண்டியின் நிறமோ மாடலோ வேறாக இருந்தால், உங்கள் நம்பரை யாரோ போலியாக மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று அர்த்தம். ரூ. 1,000 தானே என்று அதைக் கட்டிவிட்டால், அடுத்து வரும் சலான்களுக்கும் நீங்களே கதவைத் திறந்துவிட்டதுபோல் ஆகும். ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் இருந்ததற்கு ஃபாஸ்டேக் பதிவு நல்ல ஆதாரம்.

அடுத்தது இடமும் வரம்பும். சென்னையில் 2023 நவம்பர் முதல் காருக்கு 60, டூ வீலருக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. பைக்குக்கு ஆட்டோ வரம்பையோ, காருக்கு லாரி வரம்பையோ வைத்துக் கணக்கிட்டிருந்தால் எதிர்க்க அது உறுதியான காரணம்.

அளவைப் பற்றி ஒன்று. ஒருவரின் கண்மதிப்பை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, கருவியால் அளந்திருக்க வேண்டும் என்று 183(3) சொல்கிறது. ஆனால் 'ஸ்பீடு கன்னை ஓரமாக நின்று சாய்வாகப் பிடித்தார்கள், அதனால் அதிகமாகக் காட்டியது' என்ற வாதம் எடுபடாது. சாய்வு கூடக் கூட ஸ்பீடு கன்னின் ரேடார் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும். 20 டிகிரி சாய்வில் 70ல் போகும் வண்டி 66 என்றுதான் பதிவாகும். அந்தப் பிழை ஓட்டுநருக்குச் சாதகம். ரேடாரில் நிஜமாகத் தவறு நடப்பது வேறு இடத்தில்: கற்றை அகலமானது, படத்தில் உங்கள் பைக்கை ஒட்டி ஒரு பஸ்ஸும் போனால் எதன் வேகம் பதிவானது என்ற கேள்வி எழும். நேரம் பதிந்த இரண்டு படங்கள் கிடைத்தால் நீங்களே கணக்குப் போடலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை வினாடிக்கு 11 மீட்டர் நகர வேண்டும், கிட்டத்தட்ட மூன்று கார் நீளம். படத்தில் ஒரு கார் நீளம்தான் நகர்ந்திருக்கிறது என்றால் அதைக் கோர்ட்டில் காட்டலாம்.

தானியங்கிக் கேமரா என்றால் 2021ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏயும் சேரும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். கேமரா இருப்பதாக எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். இவற்றில் குறை இருந்தால் கூடுதல் வாதமாக வையுங்கள். படத்தில் வண்டியும் வேகமும் பளிச்சென்று தெரியும்போது, நோட்டீஸ் மூன்று நாள் தாமதம் என்பதை மட்டும் நம்பி ஊர் விட்டு ஊர் அலைவது எங்கள் கணக்கில் வீண்.

அலைச்சல் என்பது சும்மா சொல்வதல்ல. 'எதிர்க்கிறேன்' என்றால் வழக்கு சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டுக்குப் போகும். கோயம்புத்தூர்க்காரர் உளுந்தூர்பேட்டையில் சிக்கினால் வாய்தாவும் அந்தப் பக்கம்தான். ஒரு வாய்தாவுக்கே பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் அபராதத்தைத் தாண்டிவிடும். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனேன் என்று மன்றாடலாம். ஆனால் சட்டம் வைத்த குறைந்தபட்சமே ரூ. 1,000.

அப்படியென்றால் கட்டிவிட்டுப் போவதா? முதல் சலான், வண்டி உங்களுடையது, வேகமும் உண்மை என்றால் கட்டிவிடுங்கள். ஆனால் கட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிரிவு 200ன்படி, அபராதம் கட்டி முடித்த குற்றமும் முந்தைய குற்றமாகவே கணக்கில் நிற்கும். இரண்டாவது முறை 183ல் சிக்கினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்து தகுதிநீக்க நடவடிக்கைக்கு அனுப்பலாம். கால் டாக்ஸி, லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு மூன்று மாதம் லைசென்ஸ் இல்லாமல் போனால் ரூ. 1,000 ஒரு பொருட்டே இல்லை. எனவே சந்தேகமான சலானை, தொகை சிறிது என்பதற்காக அவர்கள் கட்டக் கூடாது. இரண்டாவது சலான் என்றால் யாராக இருந்தாலும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எதிர்ப்பதாக முடிவெடுத்தால் நேராகக் கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். இ-சலான் தளத்தில் குறைதீர்ப்புப் பகுதி இருக்கிறது. சலான் நம்பர், ஆர்சி, வண்டியின் முன், பின், பக்கவாட்டுப் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, என்ன தவறு என்று இரண்டே வரியில் எழுதுங்கள். ஆள் மாறாட்டம், நம்பர் குளறுபடிக்கெல்லாம் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான். வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்களின் நிலை சிரமம். ஆர்சியில் யார் பெயரோ அவரிடம்தான் கேட்பார்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்கு படிவம் 29 கொடுத்த நகல் இருந்தால் தேடி எடுங்கள்.

ஆறு மாதம் இழுத்தால் சலான் செத்துவிடும் என்று சிலர் சொல்வதில் பாதிதான் உண்மை. அபராதம் மட்டுமே உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சரி. ஆனால் தாமதத்தை மன்னிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, சலானும் தளத்தில் நிலுவையாகவே கிடக்கும். எஃப்சி (தகுதிச் சான்று), பெயர் மாற்றம், லோன் நீக்கம் எல்லாம் அதில் முட்டி நிற்கலாம். கர்நாடகாவில் 2023 பிப்ரவரியில் பாதித் தொகை தள்ளுபடி கொடுத்தார்கள்; இங்கேயும் வரும் என்று காத்திருந்து கெடு தேதியைத் தவற விடாதீர்கள்.

கட்டும்போது பணம் பிடித்த பின்னும் 'நிலுவை' என்றே காட்டினால் பதறி இரண்டாம் முறை கட்ட வேண்டாம். தளத்திலேயே நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி உண்டு. சலான் முடிந்ததாக மாறியதும் ரசீதை இறக்கி, வண்டி பேப்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.