டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் உடற்பயிற்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகிறது. அந்த நேரம் முழுக்க முன்பெல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது அந்தக் கால் மணி நேரம்தான் என் உடற்பயிற்சி நேரம். 'காலை ஆறு மணிக்கு' என்று வைத்தபோதெல்லாம் பத்தே நாளில் விட்டுப்போனது. எப்படியும் தினம் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்த பிறகுதான் நிலைத்தது. காபி குடிக்காதவர்கள் இட்லி வேகும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பிபி, சுகர், இதயக் கோளாறு, மூட்டுவலி இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் செய்யலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இடம்

ஒரு ஜமக்காளம் விரிக்கிற அளவு இடம் போதும். வழுவழுப்பான டைல்ஸில் கோரைப்பாய் நழுவும், அதனால் ஜமக்காளமே நல்லது. மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால்கள் அகன்று சறுக்கிவிடும். வெறுங்காலோடு நில்லுங்கள்.

உடம்பைச் சூடாக்க 2 நிமிடம்

நின்ற இடத்திலேயே கைவீசி நடங்கள். தோள்களை முன்னும் பின்னும் பத்துப் பத்து முறை சுழற்றுங்கள். அவ்வளவுதான்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது

இந்த ஒன்றை மட்டுமாவது சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். என் அம்மா தரையில் உட்கார்ந்தால் இரண்டு கையையும் ஊன்றி, பக்கத்தில் இருக்கும் கதவைப் பிடித்துத்தான் எழுவார். அதைப் பார்த்துத்தான் நான் பயிற்சியே தொடங்கினேன். தொடையில் வலு குறையக் குறைய எழுவது கடினமாகிறது. அந்த வலுவை எந்த வயதிலும் கூட்ட முடியும்.

நாற்காலிக்கு முன்னால், பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். கைகள் முன்னால் நீண்டிருக்கட்டும். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மனதுக்குள் மூன்று எண்ணியபடி இறங்குங்கள். தொப்பென்று விழக் கூடாது. நாற்காலியைத் தொட்டதும் மூச்சை விட்டபடி எழுங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்கிறதா என்று குனிந்து பாருங்கள், புதிதாகச் செய்கிற நிறையப் பேருக்குச் சாயும். கால்விரல் காட்டும் திசையிலேயே முழங்காலும் போக வேண்டும். குதிகால் தரையைவிட்டு எழக் கூடாது. எட்டு முறை செய்யுங்கள்.

சுவரைத் தள்ளுவது

சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளைப் பதியுங்கள். உடம்பு பலகைபோல் நேராக இருக்க, முழங்கையை மடக்கி மூக்கைச் சுவர் அருகே கொண்டுபோய்த் திரும்புங்கள். இதுவும் எட்டு முறை. சுலபமாகிவிட்டால் கால்களைக் கொஞ்சம் பின்னுக்கு வையுங்கள்.

இடுப்பைத் தூக்குவது, குதிகாலைத் தூக்குவது

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் உயர்த்தி மூன்று எண்ணும்வரை நிறுத்துங்கள். மூச்சை அடக்காதீர்கள். எட்டு முறை. அப்புறம் எழுந்து சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் தேங்கும் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நாளெல்லாம் நின்றே வேலை செய்பவர்கள் இதை விடாதீர்கள்.

முதல் வாரம் ஒரு சுற்று மட்டும், மீதி நேரம் நடை. இரண்டாம் வாரம் இரண்டு சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து எட்டைப் பத்தாக்கலாம். செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

ஆர்வத்தில் முதல் நாளே கூட்டாதீர்கள். நான் ஐம்பது தோப்புக்கரணம் போட்டுவிட்டு, மூன்று நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டாக இறங்கினேன். தசை ஓரிரு நாள் கனமாக வலிப்பது இயல்புதான். மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நெஞ்சை அழுத்தினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் 15 நிமிடம் என்றால் 105தான் வரும். மீதியைக் காய்கறிக் கடைக்கு வேகமாக நடந்துபோய் ஈடுகட்டிவிடலாம்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், வழக்கமானதைச் செய்தால் போதும். எங்கள் வீட்டில் பயிற்சி முடித்த பிறகுதான் தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பேன். பழைய தேதி தொங்கினால் பிள்ளைகளே கேட்டுவிடுகிறார்கள்.