'க்னைஃப்' என்று படிக்கும் பிள்ளைக்கு: ஒலிக்காத எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் முறை

ஆங்கிலத்தில் கத்தியைக் குறிக்கும், ஒலிக்காத கே-யில் தொடங்கும் 'நைஃப்' என்ற சொல்லைப் பிள்ளை 'க்னைஃப்' என்று படித்தால், தமிழ் படிக்கப் பழகிய வழியிலேயே ஆங்கிலத்தையும் படிக்கிறது என்று பொருள். எழுதியிருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல் என்று ஆனா ஆவன்னாவிலிருந்து பழக்கியவர்கள் நாம்தான். அதனால் 'அது சைலன்ட்டு, விட்டுடு' என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அடுத்த நாளே 'கைட்'டில் இருக்கும் கே-யையும் விட்டுப் படிக்கும்.

முதலில் பிள்ளை தயாரா என்று பாருங்கள். 'பின்', 'கப்', 'பெட்' போன்ற மூன்றெழுத்துச் சொற்கள் 20 எழுதிக் கொடுங்கள். 18-ஐயாவது தானே கூட்டிப் படித்தால் தொடங்கலாம். தடுமாறினால் இன்னும் ஒரு மாதம் அதிலேயே இருங்கள், அவசரமில்லை.

முதல் நாள் தமிழிலிருந்து தொடங்குங்கள். 'நீ வந்தா தரேன்' என்று வாயால் சொல்லுங்கள். அதையே நோட்டில் 'நீ வந்தால் தருகிறேன்' என்று எழுதிக் காட்டி, 'வந்தால்' என்பதில் உள்ள 'ல்' பேச்சில் எங்கே போனது என்று கேளுங்கள். வாயிலிருந்து உதிர்ந்த எழுத்து தாளில் தங்கியிருக்கும் என்பது அப்போதே பிடிபடும். கே-யின் கதையும் இதுதான். பழைய ஆங்கிலத்தில் அதைச் சேர்த்தே உச்சரித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் பேச்சிலிருந்து அது உதிர்ந்தது. ஆங்கிலத்தில் 'நீ' எனப்படும் முழங்காலை ஜெர்மானியர்கள் இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

அடுத்து, சொல்லின் கடைசியில் நிற்கும் ஈ. இதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 15 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். வலது ஓரம் 4 செ.மீ. விட்டு, மீதியில் 'கிட்' என்பதன் மூன்று எழுத்துகளை எழுதுங்கள். விட்ட இடத்தில் ஈ எழுதிப் பின்பக்கமாக மடியுங்கள். மடித்திருந்தால் 'கிட்', பிரித்தால் 'கைட்', அதாவது காத்தாடி. ஈ வாய் திறக்கவில்லை, ஆனால் நடுவில் இருக்கும் ஐ-யின் ஒலியை மாற்றிவிட்டது. பிள்ளையே பத்து முறை மடித்துப் பிரிக்கட்டும். 'டப்–டியூப்', 'நாட்–நோட்' இரண்டும் இதே பட்டையில் வரும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'கேப்', 'கேன்' போல நடுவில் ஏ வரும் ஜோடிகளை முதலில் எடுக்காதீர்கள். தொப்பியும் தோளில் போடும் அங்கியும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோல 'கேப்' என்றே ஆகிவிடும். நம் காதுக்கும் வித்தியாசம் சட்டென்று படாது. ஐ வரும் சொற்கள் நன்றாகப் பழகிய பிறகு இவற்றுக்கு வாருங்கள். 'கிவ்', 'ஹேவ்' இரண்டும் இந்த விதிக்குள் வராது. ஆங்கிலச் சொற்கள் பொதுவாக வி-யில் முடிவதில்லை, அதனால்தான் அங்கே ஈ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றை முழுச் சொல்லாகவே பழக்குங்கள்.

பிறகு ஜோடி எழுத்துகள். கே-என் ஜோடியை 'கே பேசாது' என்று சொல்லாமல், 'இரண்டும் சேர்ந்தால் ந்' என்று சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு ஜோடி, ஐந்து சொல், தினம் 10 நிமிடம் போதும். ஒலிக்காத எழுத்தைப் பென்சிலிலும் மற்றதைக் கறுப்பு ஸ்கெட்சிலும் எழுதுங்கள். நான்காம் நாள் எல்லாவற்றையும் கறுப்பிலேயே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை நிறத்தைத்தான் படிக்கும். கே-என் முடிந்ததும் டபிள்யூ-ஆர் ('ரைட்', 'ராங்'), எல்-கே ('வாக்', 'டாக்', 'சாக்'), ஐ-ஜி-எச் ('லைட்', 'நைட்') என்று போகலாம். 'லேம்', 'தம்' போல எம்-முக்குப் பின்னால் பஸ்ஸின் முதலெழுத்து ஒளிந்திருக்கும் சொற்களைக் கடைசியில் வையுங்கள். அதிலும் 'பிளம்பர்' வேண்டாம், அந்த எழுத்தைச் சேர்த்துச் சொல்லித்தான் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம்.

'கே-என்-ஐ-எஃப்-ஈ நைஃப்' என்று ஐம்பது முறை கத்தவைப்பது வீண் உழைப்பு. பாட்டு மனப்பாடமாகும், கண் எழுத்தைப் பார்க்காது. சனிக்கிழமை 'கிட்', 'கிங்' அட்டைகளை 'நீ' (முழங்கால்), 'நைஃப்' அட்டைகளோடு கலந்து வையுங்கள். கே ஒலிக்கும் இடமும் ஒலிக்காத இடமும் பிரிந்து தெரிகிறதா பாருங்கள். கே-என்-ஐ-எம் என்று இல்லாத சொல் ஒன்றையும் நுழைத்துவிடுங்கள். 'நிம்' என்று படித்தால் விதி பதிந்துவிட்டது. 'க்னிம்' என்றால் பழைய சொற்களை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறது, அதே ஜோடியை இன்னொரு வாரம் ஓட்டுங்கள்.

தெருவும் பாடம்தான். வடசென்னைப் பக்கம் இருந்தால், டோல்கேட் மெட்ரோ நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ப்பலகையில் கடைசி ஈ-யைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருவொற்றியூர் ஹை ரோடு என்று முழுதாக எழுதிய கடைப்பலகை கிடைத்தால் ஜி-எச் அங்கே இருக்கும். தீவுத்திடல் பக்கம் போனால் 'ஐலேண்ட்' என்பதன் நடுவில் ஓர் எஸ் பேசாமல் நிற்கும். லத்தீன் சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்துப் பின்னாளில் நுழைத்த எழுத்து அது. ஆனால் எண்ணூர் பலகையின் ஆங்கிலப் பெயரிலும் கடைசியில் ஓர் ஈ உண்டு, பிள்ளை கட்டாயம் கேட்கும். தமிழ் ஊர்ப்பெயரை வெள்ளைக்காரர் காலத்தில் அப்படி எழுதினார்கள், நம் அட்டை விதி அதற்குச் செல்லாது என்று சொல்லிவிடுங்கள். மாதவரத்தின் ஆங்கில எழுத்தில் டி-யை ஒட்டி நிற்கும் எச்-சுக்கும் இதே பதில்தான்.