கணுக்கால் பிசகினால் என்ன செய்வது: முதல் நாளிலிருந்து மைதானம் வரை

ஓடும்போதோ குதித்து இறங்கும்போதோ பாதம் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கிக்கொள்வதைத்தான் இங்கே சுளுக்கு என்கிறேன். விளையாடுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் காயம். நான் பேட்மிண்டன் ஆடுகிறவன், என் வலது கணுக்கால் இப்படி மடங்கி மீண்டது. அப்போது பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்ததையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் வரிசையாக எழுதுகிறேன். முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலி போவதும் கால் சரியாவதும் ஒன்றல்ல. வலி சீக்கிரம் போய்விடும். கால் தன் நிலையை உணரும் திறனும் முழுதாக மடங்கும் தன்மையும் அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. அந்த இடைவெளியில் மறுபடி ஆடப் போகிறவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது.

படி 1: எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இதற்கு டாக்டர்கள் பயன்படுத்தும் எளிய வழி ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்டது. ஒட்டாவா கணுக்கால் விதிகள் என்று பெயர். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். அவற்றின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரைக்கும், விரலால் அழுத்துங்கள். அப்புறம் பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவாக்கில் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பு, அதாவது சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடிப்பகுதி. கடைசியாக, பாதத்தின் உள்பக்கம் வளைவின் உச்சியில் தட்டுப்படும் எலும்பு. இவற்றில் எங்கே எலும்பின் மேலேயே அழுத்தும்போது வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்டவுடனும் முடியவில்லை, டாக்டர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டியாவது நான்கு அடி வைத்தால் அது நடந்ததாகவே கணக்கு.

பாதம் மரத்துப் போயிருந்தால், கோணலாகத் தெரிந்தால், அல்லது அடிபட்டது வளரும் பிள்ளை என்றால் இந்தச் சோதனையை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் முனை, எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நாரான லிகமென்ட்டைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடிவது அவர்களுக்கு எலும்புக் காயமாகலாம். நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

படி 2: முதல் சில நாள்

பாதத்தை இதயத்தைவிட உயரமாக வைத்துப் படுங்கள். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்து, தளர்வாகச் சுற்றுங்கள்.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் பிரபலப்படுத்தியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே எழுதினார். என் கருத்து இதுதான்: வலி தாங்கவில்லை என்றால் துணி சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள், வலிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். சூடான ஒத்தடமும் அழுத்தி உருவிவிடுவதும் முதல் இரண்டு மூன்று நாள் வேண்டவே வேண்டாம். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்டுப் போடுங்கள்.

முழு ஓய்வும் வேண்டாம். தாங்குகிற அளவுக்குக் காலை ஊன்றுங்கள். ஒற்றை ஊன்றுகோல் வைத்து நடப்பதானால் அதை அடிபடாத காலின் பக்கத்துக் கையில் பிடியுங்கள். பலரும் அடிபட்ட பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு சாய்ந்து நடக்கிறார்கள், அதனால் இடுப்புதான் வலிக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

படி 3: அசைக்கத் தொடங்குங்கள்

வலி கொஞ்சம் அடங்கியதும், காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 தடவை போதும். கட்டைவிரலைப் பேனாவாக நினைத்து காற்றில் எழுத்துகள் எழுதுவது இன்னொரு வழி. அ முதல் ஔ வரை எழுதினாலே கணுக்கால் எல்லாத் திசையிலும் சுழன்றுவிடும். முழங்கால் அசையாமல் பாதம் மட்டும் எழுத வேண்டும்.

வலிக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்க முடியாத வலி. பயிற்சியின்போது 3 வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். இனி வரும் எல்லாப் படிக்கும் இதே விதிதான்.

படி 4: சுவரில் முழங்காலைத் தொடும் சோதனை

எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். நடக்க முடிந்தது, வலி இல்லை, வீக்கம் வடிந்துவிட்டது. ஆனாலும் படி இறங்கும்போது கால் ஏதோ கட்டிப்போட்டது போல இருந்தது. காரணம், பாதம் மேல்நோக்கி மடங்கும் அளவு திரும்பவே இல்லை. இது வெளியே தெரியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

காலணி இல்லாமல் சுவரைப் பார்த்து நில்லுங்கள். அடிபடாத காலை முதலில் அளந்துவிடுங்கள். கட்டைவிரல் சுவரை நோக்கி நேராக இருக்கட்டும். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிறதா? பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி தொடுங்கள். குதிகால் தரையைவிட்டுக் கிளம்பாமல் முழங்கால் தொடுகிற கடைசி இடத்தில் நிறுத்தி, கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளவு டேப்பால் அளங்கள். பலருக்கு இது 10 செ.மீ.யை ஒட்டி இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும் எண் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்தப் படி இன்னும் முடியவில்லை.

இதில் கால் உங்களை ஏமாற்றும் இடம் இரண்டு. ஒன்று, குதிகால். கிளம்புவது நமக்கே தெரியாது. ஒரு தாளைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் சுவரைத் தொடும்போது அதை இழுத்துப் பார்க்கச் சொல்லி யாரிடமாவது கேளுங்கள். தாள் உருவிக்கொண்டு வந்தால் குதிகால் தூக்கியிருக்கிறது, அந்த அளவு செல்லாது. இரண்டு, பாதத்தின் உள்வளைவு. அது தரையோடு தட்டையாகி முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் போலியாகக் கூடுதல் தூரம் கிடைக்கும். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போகிறதா என்று மேலிருந்து பாருங்கள்.

பயிற்சியும் இதேதான். கடைசி இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாதத்தை வைத்து, முழங்காலைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புங்கள். 10 தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும். எங்கே இறுக்கம் தெரிகிறது என்று கவனியுங்கள். பின்னால் கெண்டைக்காலில் இழுத்தால் நல்லது, அது நாளாக ஆகத் தளரும். முன்பக்கம் கணுக்கால் மடிப்பில் ஏதோ இடிப்பது போலவோ கிள்ளுவது போலவோ இருந்தால், இழுத்து இழுத்துச் செய்வதில் பயனில்லை. அங்கே மூட்டே சரியாக வழுக்கி நகரவில்லை. பிசியோ கையால் கணுக்கால் எலும்பைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே உங்களை முழங்காலை மடக்கச் சொல்வார். எனக்கு அந்த இடிப்பு விட்டது அதற்குப் பிறகுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது ஒருமுறை நேரில் போய்க் காட்டுங்கள் என்பேன்.

படி 5: வலுவேற்றுதல்

சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குங்கள், 15 தடவை, மூன்று சுற்று. எளிதானதும் இரண்டு காலால் ஏறி ஒற்றைக் காலால் இறங்குங்கள், அப்புறம் முழுக்க ஒற்றைக் காலில். முழங்காலை நீட்டி ஒரு சுற்று, கொஞ்சம் மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்யும்போது கெண்டைக்காலின் அடித்தசை வேலை செய்கிறது.

பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளுக்கு எலாஸ்டிக் பேண்ட் வேண்டும். மேசைக்காலில் கட்டி, பாதத்தில் மாட்டி, சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். திரும்பி வருவது தள்ளியதைவிட மெதுவாக இருக்கட்டும். முழங்கால் கூடவே சுழன்றால் இடுப்புத் தசைதான் வேலை செய்கிறது. தொடை மேல் கை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். வளையமாக வரும் சின்ன பேண்டைவிட நீளமான பட்டையான பேண்ட் வாங்குங்கள், எங்கு வேண்டுமானாலும் கட்டலாம்.

படி 6: ஒற்றைக்காலில் நிற்பது

வலி போனவுடன் பலர் விட்டுவிடுவது இதைத்தான். லிகமென்ட் வெறும் கயிறு அல்ல. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதில் இருக்கின்றன. லிகமென்ட் கிழியும்போது அந்தச் செய்தியும் கெடுகிறது என்றும், சுளுக்குக்குப் பிறகு கால் "விட்டுப்போவது" அதனால்தான் என்றும், 1965இல் ஃப்ரீமேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதினார்கள். ஆடும் பலகையில் நின்று பழகுவது சுளுக்குச் சிகிச்சைக்குள் வந்ததற்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம்.

கைக்கு எட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும். முதலில் கண்ணைத் திறந்து 30 வினாடி. இது தடுமாறாமல் வந்ததும், நின்றுகொண்டே தலையை இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு கண்ணை மூடுங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில் தசைநார்கள் துடிதுடிப்பது தெரியும். அந்தத் துடிப்புதான் நாம் தேடுவது, பயப்பட வேண்டாம். ஆனால் விரல்களைத் தரையில் கவ்விப் பிடித்துச் சமாளிக்கக் கூடாது. விரலைத் தளர்த்தி கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் என்று மூன்று இடத்திலும் எடையைப் பரப்புங்கள். அதன்பின் தலையணை மேல் நின்று, யாராவது வீசும் பந்தைப் பிடியுங்கள். பந்தைப் பார்க்கும்போது காலை மறந்துவிடுவீர்கள், ஆட்டத்திலும் அதுதான் நடக்கிறது.

பேலன்ஸ் போர்டு வாங்க வேண்டுமா? இருந்தால் நல்லது. ஆனால் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்கிற பழக்கம் மூலையில் கிடக்கும் போர்டைவிட மேலானது. அல்ட்ராசவுண்ட் கருவி வைப்பதற்காகத் தினமும் அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதுச் சுளுக்கில் அதனால் பெரிய பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

படி 7: மைதானத்துக்குத் திரும்புதல்

வேகமான நடை, நேர்கோட்டில் மெது ஓட்டம், எட்டுப் போட்டு ஓடுவது, சட்டென்று திசை மாறுவது, கடைசியில் ஆட்டம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். திசை மாறுவதற்கு முன்னால் ஒற்றைக்காலில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தாவிப் பாருங்கள். இறங்கியதும் ஆடாமல் நிற்க வேண்டும். தூரத்தில் நல்ல காலுக்கு ஏறக்குறைய சமமாக வர வேண்டும்.

ஆடும்போது லேஸ் போட்டுக் கட்டும் கணுக்கால் பிரேஸ் அணியுங்கள். ஒருமுறை மடங்கிய காலுக்கு அது நிச்சயம் உதவும். இழுத்து மாட்டும் குழாய் போன்ற உறை கதகதப்பாக இருக்கும், மடங்குவதைத் தடுக்காது. பிரேஸ் இருக்கிறதே என்று 6ஆம் படியை நிறுத்திவிட வேண்டாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, வலி கணுக்காலுக்கு மேலே, கணைக்கால் எலும்புப் பக்கம் இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கெண்டைக்கால் நடுவில் இரண்டு எலும்பையும் சேர்த்து இரு பக்கமிருந்தும் அழுத்தும்போது கணுக்காலுக்கு மேல் வலித்தால், அது வேறு லிகமென்ட். பாதம் வெளிப்பக்கம் திருகிக்கொள்ளும்போது வரும் காயம், ஆற அதிக நாள் எடுக்கும், சில சமயம் அறுவை சிகிச்சையும் தேவைப்படும். மேலே உள்ள படிகளைத் தொடங்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். கெண்டைக்கால் முழுக்க வீங்கிச் சூடாக வலித்தாலும் காத்திருக்க வேண்டாம், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசர சிகிச்சைக்கே போங்கள்.

சாயங்காலம் மட்டும் கொஞ்சம் வீங்கி, காலையில் வடிந்துவிடுகிறது என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். வாரக்கணக்கில் அப்படி இருக்கும். வலியில்லாமல் 'க்ளிக்' சத்தம் மட்டும் வந்தாலும் அப்படியே விடலாம்.

பல வருடத்துக்கு முன் மடங்கியது, இப்போதும் சமதரையில்கூட விட்டுப்போகிறது என்பவர்கள் முதல் மூன்று படியை விட்டுவிட்டு 4ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். முதலில் இரண்டு காலையும் சுவரில் அளந்து, எண்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதே சுவரில் அளங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் கால் விட்டுப்போவது நிற்கவில்லை என்றால், அந்த எண்களை எடுத்துக்கொண்டு எலும்பு மூட்டு நிபுணரிடம் போங்கள். அவர் பாதத்தை முன்னோக்கி இழுத்து லிகமென்ட்டின் தளர்வைப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எழுதுவார்.