துபாயில் ஆஃபர், ராயபுரத்தில் ரிப்பேர்: கேமரா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷார்ஜாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு வாட்ஸப் வாய்ஸ் வரும். "அண்ணா, இங்க ஆஃபர் போட்டிருக்கான். இது எடுக்கட்டுமா, அது எடுக்கட்டுமா?" கூடவே கடையின் விலைச்சீட்டு இரண்டு படமாக வந்து விழும். காசிமேடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று எங்கள் வடசென்னைப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன பிள்ளைகளுக்குக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கேமரா ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: கேமரா எங்கே இருக்கப்போகிறது? உன்னோடு அங்கேயா, வீட்டில் தங்கச்சியிடமா? பாதிப் பேர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள். பட்ஜெட் கைமீறுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

விலைச்சீட்டை நம்பிக் கணக்குப் போடுவது

திர்ஹமையோ சிங்கப்பூர் வெள்ளியையோ ரூபாயாக மாற்றிப் பார்த்து, "ஊரைவிட எட்டாயிரம் கம்மி" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த எட்டாயிரத்துக்குப் பதிலாக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்க மாட்டார்கள். கேமரா பாடிக்கான (லென்ஸ் சேராத கேமரா உடல்) வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கோ அந்த வட்டாரத்துக்கோ மட்டும்தான் செல்லும். அட்டையில் இன்டர்நேஷனல் என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், எந்தெந்த நாடுகள் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும்; அதைப் படிக்க வேண்டும். இதைவிடக் குழப்பமானது ஷாப் வாரண்டி. அது கடைக்காரர் சொந்தப் பொறுப்பில் தருவது, கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துபாய் தேராவில் குத்திய முத்திரையைக் காட்டிச் சென்னை சர்வீஸ் சென்டரில் இலவசமாக எதையும் சரிசெய்ய முடியாது.

கேமரா உங்களோடு அங்கேயே இருக்குமென்றால் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. தாராளமாக அங்கேயே வாங்குங்கள். வருடத்தில் பதினொரு மாதம் அது ராயபுரத்தில் இருக்கப்போகிறது என்றால், கூடுதலாக எட்டாயிரம் போனாலும் இந்திய பில்லோடு இங்கேயே வாங்குவதுதான் மலிவு என்பேன். பணத்தை அனுப்புங்கள். கேமராவைப் பயன்படுத்தப்போகும் ஆளே கடைக்குப் போய், கையில் பிடித்துப் பார்த்து, பிடிமானம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்து வாங்கட்டும்.

பில் இல்லாத வெளிநாட்டுச் சரக்கு எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் பக்கம் தொடங்கிய பர்மா பஜாரில் பேரம் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். டிரிம்மர், ஹெட்போன் என்றால் அந்தத் துணிச்சல் சரி. சென்சாரும் மோட்டாரும் கண்ணாடியும் சேர்ந்த 60,000 ரூபாய்ப் பொருளில் அது வேண்டாம்.

மாடல் பெயரிலும் ஏமாறுகிறார்கள். கேனன் இங்கே 200டி மார்க் 2 என்று விற்ற கேமராவுக்கே ஐரோப்பாவில் 250டி என்று பெயர், அமெரிக்காவில் ரெபல் எஸ்எல்3, ஜப்பானில் கிஸ் எக்ஸ்10. நாலும் ஒன்றுதான். 250 என்றால் 200ஐவிடப் பெரிசு என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஜப்பானுக்குப் போய்வரும் நண்பரிடம் சொல்லிவிடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்டு விற்பனைக்கென்றே வரும் சோனி கேமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்றுவதற்கு வழியில்லை. வாங்கும் முன் மெனுவில் மொழிப் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வரி, சுங்கம், காற்றுவாக்கில் வந்த சேதி

சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். கிளம்பும்போது ஏர்போர்ட்டில் அது திரும்பக் கிடைக்கும் என்று மனதுக்குள்ளேயே கழித்துவிட்டு விலையைப் பார்க்கிறவர்கள் உண்டு. கிடைக்காது. அந்தச் சலுகை சுற்றுலாப் பயணிகளுக்கு. ஒர்க் பெர்மிட்டிலோ எஸ் பாஸிலோ அங்கே வேலை பார்ப்பவருக்கு அது இல்லை. அமீரகத்தில் 5 சதவீத வாட் திரும்பக் கிடைப்பதும் அங்கே குடியிருப்பு விசா இல்லாத பயணிக்குத்தான்.

சென்னையில் வந்து இறங்கும்போது வேறு கதை. 2016ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகள் வளைகுடா, சிங்கப்பூர் போன்ற இடங்களிலிருந்து வரும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரை வரியில்லை என்றன. இந்தத் தொகை அரசு அவ்வப்போது மாற்றக்கூடியது. எனவே டிக்கெட் போடும்போதே சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய வரம்பைப் பார்த்துவிடுங்கள். வரம்புக்கு மேல் உள்ள மதிப்புக்கு வரி கட்ட வேண்டும். கேமராவோடு சாக்லேட், வாசனைத் திரவியம், மாமியாருக்கு மிக்ஸி என்று கொண்டுவரும் எல்லாம் அந்த ஒரே வரம்புக்குள்தான் அடங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புருஷனுக்கு ஒரு வரம்பு, பெண்டாட்டிக்கு ஒரு வரம்பு, இரண்டையும் கூட்டி ஒரே பெரிய கேமராவுக்குக் காட்டலாம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்த விதிகள் அப்படிச் சேர்த்துக் கணக்குக் காட்ட இடம் தரவில்லை. "நான் போட்டோகிராபர், இது என் தொழில் கருவி" என்பதும் எடுபடாது. தச்சர், பிளம்பர், வெல்டர், கொத்தனார் ஆகியோரின் கருவிகளுக்கு இருந்த சலுகையிலிருந்து கேமராவைப் பெயர் சொல்லியே விலக்கியிருந்தார்கள்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வா, பழசு என்று விட்டுவிடுவான் என்கிற யோசனையும் உலவுகிறது. அதிகாரி சீரியல் நம்பரையும் பில்லையும் கேட்காதவரைதான் அது ஓடும். பெட்டியும் பில்லும் போனால் நாளைக்கு விற்கும்போதும் விலை இறங்கும். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, கட்ட வேண்டியது இருந்தால் கட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இங்கே வாங்கிய விலையுயர்ந்த கேமராவை அங்கே கொண்டுபோகிறீர்கள் என்றால், புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது "இது இங்கேயிருந்து போனதுதான்" என்று நிரூபிக்க அந்தக் காகிதம் உதவும். செய்பவர்கள் குறைவு.

பாடிக்கே பணத்தைக் கொட்டுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். 60,000 ரூபாய் வைத்திருந்தால் 60,000க்கும் பாடியை வாங்கி, கூடவே வரும் கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்புறம் ஆறு மாதம் கழித்து, "இருட்டில் எல்லாம் மங்கலா வருதுண்ணா" என்று வாய்ஸ் வரும்.

வெளிச்சத்தை உள்ளே விடுவது லென்ஸ். கிட் லென்ஸைக் கொஞ்சம் ஜூம் செய்தாலே அதன் துவாரம் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும் (இந்த எண் சின்னதாக இருந்தால்தான் துவாரம் பெரிது). எஃப் 1.8 என்று போட்ட ஜூம் இல்லாத லென்ஸ், அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் விடும். வியாசர்பாடி மைதானத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன்கள் பந்து ஆடுவதை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே ஐஎஸ்ஓவில் (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) கிட் லென்ஸ் 1/50 நொடி ஷட்டர் திறந்திருக்கக் கேட்டால், எஃப் 1.8 லென்ஸுக்கு 1/500 கிடைக்கும். முதலாவதில் உதைக்கிற கால் வெறும் இழுப்பாகத் தெரியும். இரண்டாவதில் பந்தின் தையல்கூடத் தெரியும். கல்யாண மண்டபம், கேரம் கிளப், கோயில் கருவறை வாசல், குழந்தை பிறந்தநாள் என்று நம் ஆட்கள் படம் எடுக்கும் இடங்கள் முக்கால்வாசியும் மங்கிய வெளிச்சம்தான். அதனால் ஒரு படி குறைந்த பாடியும் ஒரு எஃப் 1.8 லென்ஸும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த லென்ஸிலும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 50 எம்எம் வாங்குகிறார்கள், விலை குறைவு என்பதால். ஆரம்பநிலை கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், முழு ஃபிரேம் எனப்படும் பழைய ஃபிலிம் அளவு சென்சாரைவிடச் சின்னது. அதில் 50 எம்எம் போட்டால் முழு ஃபிரேமில் 75 எம்எம் போட்ட மாதிரி நெருங்கிவிடும், கேனனில் 80. தனி ஆளை முகப்படம் எடுக்க அருமை. எங்கள் ஏரியா வீட்டு ஹாலில் சுவரோடு முதுகு ஒட்டி நின்றாலும் குடும்பம் மொத்தமும் அடங்காது. வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகம் என்றால் 35 எம்எம் அல்லது அதைவிடக் குறைவாகப் பாருங்கள்.

லென்ஸ் வாங்க ஆரம்பித்துவிட்டால் அந்த மவுண்டுக்கு (லென்ஸைப் பாடியில் மாட்டும் வளையம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) கட்டுப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய வகை) எதுவும் வெளியிடவில்லை. இரண்டும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. அதற்காக டிஎஸ்எல்ஆர் வாங்கவே கூடாது என்பதில்லை. பழைய லென்ஸ்கள் சந்தையில் கொட்டிக் கிடப்பதால் கையில் காசு குறைவாக இருப்பவருக்கு அது இன்னும் நல்ல வழி. ஆனால் புதிதாக, பெட்டி பிரிக்காமல் வாங்குவதென்றால் மிரர்லெஸ்ஸே வாங்குங்கள். மலிவு லென்ஸ்கள் மற்ற கம்பெனிகளிடமிருந்தும் நிறைய வருவது சோனியின் இ மவுண்டுக்கு. கேனனின் ஆர்எஃப் மவுண்டுக்கு சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் 2024இல்தான் வரத் தொடங்கின. கேனன் எம் வரிசை நின்றுபோனது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதில் புதிதாக நுழையாதீர்கள்.

பாடியில் எதைப் பார்ப்பது? மெகாபிக்சலை விடுங்கள். 20க்கு மேல் எது இருந்தாலும் உங்களுக்குப் போதும். வ்யூஃபைண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டும் வீடியோக்காரர்களை நினைத்துச் செய்தவை, கண் வைத்துப் பார்க்கும் இடமே கிடையாது. காசிமேடு துறைமுகத்தில் காலை ஒன்பது மணி வெயிலில் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியும், படகு தெரியாது. கேனன் ஆர்50இல் வ்யூஃபைண்டர் உண்டு. விலை குறைந்த ஆர்100இலும் உண்டு, ஆனால் அதில் தொடுதிரை இல்லை. போனில் வளர்ந்த பிள்ளைகள் திரையைத் தொட்டுத் தொட்டு எரிச்சலாவார்கள்.

அறுபது மடங்கு ஜூம் என்று விளம்பரம் செய்யும் சின்ன கேமராக்களைப் பற்றி ஒரு வரி போதும். அவற்றின் சென்சார் இன்றைய நல்ல போன்கள் பலவற்றின் முக்கிய சென்சாரைவிடச் சின்னது. ஏபிஎஸ்-சியில் அது பதின்மூன்றில் ஒரு பங்குதான் வரும். பழவேற்காட்டில் பூநாரையைப் பகல் வெளிச்சத்தில் தூரத்திலிருந்து எடுக்க ஆகும். வேறு எதற்கும் போனே மேல்.

வீடியோ எடுப்பவர்கள் மின்சாரத்தையும் கவனியுங்கள். இந்தியா, அமீரகம், சிங்கப்பூர் எல்லாம் 50 ஹெர்ட்ஸ், சவூதி 60. சவூதியில் 60க்கு வைத்த செட்டிங்கோடு இங்கே மண்டபத்தில் எடுத்தால் விளக்குகள் துடிக்கும். மெனுவில் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான PAL முறைக்கு மாற்றி, நொடிக்கு 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் சரியாகிவிடும்.

செகண்ட் ஹேண்ட், கார்டு, பூஞ்சை

வளைகுடாவில் விசா முடிந்து கிளம்புகிறவர்கள் நல்ல கேமராக்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பயப்படாமல் பார்க்கலாம், நேரில் போய்ப் பார்த்தால். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் பலவற்றின் ஷட்டரை ஒரு லட்சம் படங்கள் வரை சோதித்திருப்பார்கள். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று ஷட்டர் கவுண்ட் பார்க்கச் சொல்லுங்கள். ஜூம் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். நரநரவென்றால் பாலைவன மணல் உள்ளே போயிருக்கிறது. போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. எந்த விலைக்கும் வேண்டாம்.

மெமரி கார்டில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் பார்ப்பது கொடுமை. போலிக் கார்டில் 128 ஜிபி என்று அச்சடித்திருக்கும், உள்ளே 16தான் இருக்கும். அது நிறைந்தபின் எடுத்த தாலி கட்டும் படம் திரும்பக் கிடைக்காது. கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன; வாங்கியதும் ஓட்டிப் பாருங்கள். சாதாரண 4கே வீடியோவுக்கு வி30 முத்திரை உள்ள கார்டு போதும். கூடுதல் பேட்டரி ஒன்றும் வாங்குங்கள். ஊருக்கு வரும்போது அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போட அனுமதி இல்லை.

பூஞ்சையைப் பற்றிப் பேசியாகிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் வருடம் முழுக்க உண்டு. பீரோவில் துணிகளுக்கு நடுவே, தோல் உறைக்குள் கேமராவை மூடி வைத்தால் அடுத்த விடுமுறைக்குள் லென்ஸில் பூஞ்சை குடியேறிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், முடிந்தால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், அவ்வளவுதான். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசி டப்பாவுக்குள் வைக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், தவிட்டுத் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய் உட்காரும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டும், ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் இரவில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டி பிரிக்காமல் அப்படியே பரிசாகக் கொடுக்க வேண்டுமாம். ஃபோகஸ் தள்ளி விழுகிறதா, சென்சாரில் கெட்ட புள்ளி இருக்கிறதா, சார்ஜர் வேலை செய்கிறதா என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும். கடையில் மாற்றித் தரும் கெடு அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும், கடை ஒரு கடல் தாண்டி இருக்கும். விடுமுறைக்கு மூன்று வாரம் முன்பே வாங்குங்கள். பகலில், இரவில், டியூப்லைட்டில் என்று சில நூறு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸ் மூடியை மூடி நீண்ட எக்ஸ்போஷரில் ஒன்று எடுத்தால் கெட்டுப்போய் எரிந்துகொண்டே இருக்கும் புள்ளிகள் கறுப்பில் மினுக்கிக் காட்டிக்கொடுக்கும். கோளாறு இருந்தால் கடைக்காரரிடம் நேரில் போய் நின்று மாற்றி வாங்கிவிட்டுப் பெட்டி கட்டலாம்.